அரிசித் தட்டில் எழுதிய கை

மலேசியாவில், மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் ஒரு கல்லூரி. பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே வாரத்துக்கு ஒருநாள் வகுப்பெடுக்கிறேன். உளவியல் படிப்பிலிருந்து அதன் வரலாற்றையும் தத்துவ வேர்களையும் சொல்லும் பாடத்தைத் தூக்கப் போகிறார்களாம். துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். அது வேலைக்கு உதவாத பாடம், அந்த நேரத்தில் புதுச் செயலிகளைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி சிரித்துக்கொண்டே, "செத்துப்போன தாடிக்காரங்க கதைதானே மேடம், போன்ல தேடினா வந்துரும் லா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்தத் தாடிக்காரர்கள் இல்லையென்றால் பிலோமினா என்ற பெண் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போயிருப்பாள். அதைச் சொல்கிறேன். வேறு வாதம் எனக்குத் தெரியாது.

நான் மலாக்காவில் ஓர் அரசு மருத்துவமனையில் உளவியல் அதிகாரியாக இருந்தவள். டாக்டர் இல்லை. ஊசி போட மாட்டேன், மருந்து எழுத மாட்டேன். ஆளைப் பார்ப்பேன், கேட்பேன், சோதிப்பேன், அறிக்கை எழுதுவேன். நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே பல வருஷம் தெரியாது.

இடைநிலைப் பள்ளியில் படித்தபோது விடுதியில் பெண்கள் சேர்ந்து காசு விளையாட்டு விளையாடினோம். இந்த நாட்டில் விடுதியில் தங்கிப் படித்த யாரைக் கேட்டாலும் தெரியும். பெரிய தாளில் எழுத்துகளை வட்டமாக எழுதி, நடுவில் ஒரு காசை வைத்து, அதன்மேல் எல்லோரும் விரல் வைத்து ஆவியைக் கூப்பிடுவது. காசு நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது. என் விரலும் அதில் இருந்தது. நான் தள்ளவில்லை. இரண்டு பேர் மயங்கி விழ, வார்டன் வந்து மயங்காதவர்களுக்கு அடி கொடுத்தார். எனக்கு வலி போய்விட்டது, ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. யாருமே தள்ளவில்லை என்றால் தள்ளியது யார்?

கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு விடை கிடைத்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியைக் கூப்பிடும் பைத்தியம் ஊருக்கே பிடித்திருந்தது. மேசை நகர்ந்தது. ஒரு விஞ்ஞானி வந்து, கைக்கும் மேசைக்கும் நடுவே வழுக்கும் அட்டைகளை அடுக்கினார். மேசை முதலில் நகர்ந்து கையை இழுத்திருந்தால் அட்டைகள் ஒரு பக்கம் சரியும். கை முதலில் தள்ளியிருந்தால் மறுபக்கம். கைதான் தள்ளியிருந்தது. தள்ளியவர்களுக்கே தெரியாமல்! இதைப் படித்ததும் நூலகத்தில் எழுந்து நின்று கத்திவிட்டேன். வெளியே அனுப்பினார்கள். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மருத்துவமனையில் என் மேலதிகாரி ஞானமுத்து சார். கெட்டவர் இல்லை. ஆனால் அவரோடு ஒரு வாரம் இருந்தால் நல்ல மூளையும் குழம்பும். சட்டைப் பையில் எப்போதும் அசாம் பொய் என்ற உலர்ந்த பழம் இருக்கும். அந்த உப்புப் பழத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாம் என்ன சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்பார். நோயாளி கோபமாக இருந்தார் என்று எழுதிக் கொடுத்தால் 'கோபமாக' என்ற சொல்லைப் பென்சிலால் சுற்றுவார்.

"நீ பாத்தது என்ன?"

"மேசைய ஓங்கித் தட்டினார் சார்."

"அப்ப அத எழுது. தட்டினது நீ பாத்தது. கோபம் நீ நெனச்சது. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாத."

முதல் வாரமே என்னையும் என்னோடு வேலைக்குச் சேர்ந்த சுராயாவையும் ஒரு கருவியின் முன் உட்கார வைத்தார். இசை வகுப்பில் தாளத்துக்கு வைப்பார்களே, டிக் டிக் என்று ஆடும் கருவி. அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்குச் சத்தங்கள் நான்கு நான்காகச் சேர்ந்தன. சுராயாவுக்கு இரண்டிரண்டாக. எனக்கு நெஞ்சு இறுகியது. அவளுக்குத் தூக்கம் வந்தது. நீ பொய் சொல்கிறாய், நீதான் பொய் சொல்கிறாய் என்று இரண்டு பேரும் சண்டைக்கே போய்விட்டோம்.

"யார் சொன்னது சரி சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்குள்ள நீ போக முடியாது, உனக்குள்ள அவ வர முடியாது. ஜெர்மனியில உளவியலுக்கு மொத சோதனைக்கூடம் வச்சவங்களும் இப்படித்தான் உக்காந்தாங்க. இங்கதான் மாட்டிக்கிட்டாங்க."

பாருங்கள், ஒரு விஞ்ஞானம் முழுவதும் மாட்டிக்கொண்ட இடத்தில் எங்களையும் கொண்டுபோய் மாட்டவைத்தார். புத்தகத்தில் நாலு வரி படித்திருந்தால் மறந்திருப்பேன். சுராயாவோடு போட்ட சண்டை மறக்கவில்லை.

இங்கிலாந்தில் நட்சத்திரம் பார்க்கும் கூடத்தில் வேலையிழந்த உதவியாளரின் கதையையும் அவர்தான் சொன்னார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில் அந்த ஆள் தன் முதலாளியைவிட ஒரு நொடிக்கும் குறைவாகப் பின்தங்கினார். கவனமில்லாதவன் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷங்கள் கழித்து இன்னொருவர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, தானும் தன் நண்பர்களும் குறித்த நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்கொருவர் பொருந்தவில்லை. கவனக்குறைவே இல்லை! பார்ப்பதற்கும் கை அசைவதற்கும் நடுவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நேரம் ஓடுகிறது, அதை அளக்கலாம். மனதை அளக்க முடியாது என்று தத்துவக்காரர்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒருவரின் வேலை போன கதையிலிருந்து அளவுகோல் கிடைத்தது. இப்போது எழுதும்போதும் என்னால் உட்கார முடியவில்லை.

ஆனால் சாருக்குப் பிடித்தது குதிரைக் கதை. பெர்லினில் கணக்குப் போடும் குதிரை ஒன்று இருந்தது. மூன்றும் நான்கும் எத்தனை என்றால் குளம்பால் ஏழு தடவை தட்டும். ஏமாற்று வேலையே இல்லை. சொந்தக்காரர் நேர்மையானவர், அறிஞர்கள் வந்து பார்த்தும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு மாணவர், விடை தெரியாத ஆளைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமல் மயிரிழை அசையும். அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியது. சார் இந்தக் கதையை மாசம் ஒரு தடவையாவது சொல்வார். அவர் "பெர்லின்ல" என்று தொடங்கினாலே சுராயா மேசைக்கடியில் செருப்பால் டொக் டொக்கென்று தட்டுவாள்.

சார் ஓய்வு பெற இருந்த வருஷம் முகிலன் வந்தான்.

இருபது வயது தாண்டிய பையன். பிறவியிலிருந்தே பேச்சில்லை. கையை ஆட்டிக்கொண்டே இருப்பான், யார் கண்ணையும் பார்க்க மாட்டான். அவன் அம்மா வசந்தா ஆயர் குரோவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். கணவர் இறந்துவிட்டார். பகலில் மகனை ஒரு பராமரிப்பு மையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அங்கே அவனைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது பிலோமினா.

விஜயதசமி அன்று கோயிலில் பிள்ளைகளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வைப்போம் அல்லவா? முகிலனுக்கும் அப்படித்தான் எழுத்து தொடங்கினார்கள். மற்ற பிள்ளைகளின் கையைக் கொஞ்ச நாளில் விட்டுவிடுகிறோம். வசந்தா விடவில்லை. பள்ளிக்கூடம் இவனை வேண்டாம் என்றுவிட்டது. அந்த வீம்பில் தினமும் வேலை முடிந்து வந்து அரிசித் தட்டை வைத்து, அவன் கையைப் பிடித்து எழுத வைத்தாள். வருஷக்கணக்கில். ஒருநாள் அவன் கை தானாக இழுத்தது. 'அம்மா' என்று எழுதியது. பிறகு முழு வரிகள். பிறகு புத்திமதி. யாரோ கைப்பேசியில் படமெடுத்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்ப, ஜாசினிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் தேங்காய் பழத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். சாமி பிள்ளை என்றார்கள்.

ஒரு சாயங்காலம் தட்டில் வேறு மாதிரி வந்தது. 'பிலோ அடிக்கிறாங்க.' சட்டையைக் கழற்றிப் பார்த்தால் மேல்கையில் கன்றிப்போன காயம்.

வசந்தா போலீசில் புகார் கொடுத்தாள். மையம் பிலோமினாவை வேலையிலிருந்து நிறுத்தியது. வாயில்லாப் பிள்ளையை அடித்தவள் என்று அவள் படமும் கைப்பேசிகளில் சுற்றியது. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லையாம். போலீஸ் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. இந்தப் பையன் எழுதுவதைச் சாட்சியாக எடுக்கலாமா?

பிலோமினா வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை. முறைத்தாள்.

"மேடம், நான் அவன் மேல கை வைக்கல. வாயால திட்டியிருக்கேன். எருமை மாதிரி வளந்துட்டு என் கால மிதிக்கிறியேடான்னு திட்டியிருக்கேன். அதுக்கு ஜெயில்னா போடச் சொல்லுங்க."

வசந்தாவும் மகனோடு வந்து எழுதிக் காட்டினாள். எனக்குப் புல்லரித்தது. அவள் கை சும்மா மேலே இருப்பது போலத்தான் தெரிந்தது. அவன் விரல் அரிசியைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நம்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். எழுதும்போது முகிலன் தட்டைப் பார்க்கவில்லை. மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தது அம்மா.

சோதனையை நான்தான் வகுத்தேன். அம்மாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் முன்னாலும் புதிதாக ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. பெட்டிக்குள் இருக்கும் படம் அவரவருக்கு மட்டும் தெரியும். நடுவில் அரிசித் தட்டு. சில தடவை இருவருக்கும் ஒரே படம், சில தடவை வேறு வேறு. பார்த்ததை முகிலன் எழுத வேண்டும். சாரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"படத்த யார் வைக்கிறது?"

"நான்தான் சார்."

"அப்ப உனக்கு விடை தெரியும். நீயும் குதிரைக்கு முன்னால நிக்கிற ஆளுதான்."

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. என் முகம், என் மூச்சு, நான் பேனாவை எடுக்கும் நேரம், எது வேண்டுமானாலும் வசந்தாவுக்கு விடையைச் சொல்லிவிடலாம். அதனால் சுராயா அடுத்த அறையில் யாருக்கும் காட்டாமல் படங்களைப் பெட்டிகளில் ஒட்டி, கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். நான் பெட்டிகளின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து, அரிசியில் வருவதை மட்டும் படித்துச் சொல்ல வேண்டும். சார் மூலையில் இருந்து குறித்துக்கொள்வார்.

வசந்தாவிடம் எதையும் மறைக்கவில்லை. படம் சில தடவை வேறாக இருக்கும் என்று சொன்னேன்.

"இருக்கட்டும் அக்கா. அவன் பாக்கறத அவன் எழுதுவான். எனக்கு எதுக்குப் பயம்?"

எழுதினான். ஆடு என்று வந்தது. குடை என்று வந்தது. வாளி, சாவி, கோழி. ஒவ்வொரு சொல்லுக்கும் வசந்தா மகன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். முடிந்ததும் சுராயா வந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

ஒரே படம் இருந்த இடங்களில் எல்லாம் சரி. வேறு வேறு இருந்த இடங்களில் ஒன்றுகூட முகிலன் பார்த்தது இல்லை. எல்லாம் அம்மா பார்த்தது.

யார் திட்டினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்குத் துக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. யாரும் உள்ளே போக முடியாத இடத்தில் நடப்பதை, இரண்டு அட்டைப் பெட்டியையும் ஒரு குதிரைக் கதையையும் வைத்துக்கொண்டு வெளியே கொண்டுவந்துவிட்டோம்! பிறகுதான் வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் மகன் பக்கத்துப் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்லல அக்கா. அவன் கை இழுத்துச்சு."

"நீ பொய் சொல்லல. உனக்கே தெரியாம உன் கைதான் நகந்திருக்கு. ஹாஸ்டல்ல நாங்க காச வச்சு விளையாண்டப்ப என் கையும் அப்படித்தான் தள்ளுச்சு. எனக்கும் தெரியல."

"அப்ப பிலோ அடிக்கிறாங்கன்னு எழுதினதும் நானா?"

"ஆமா."

"காயம்?"

"காயம் நெசம். எப்படி வந்துச்சுன்னு இன்னும் தெரியாது."

கொஞ்ச நேரம் அரிசியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இத்தன வருஷமா நான் எங்கூடவேவா பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள். பிறகு குரல் ஏறியது. "அப்ப இவனுக்குள்ள யாருமே இல்லையா? சொல்லுங்க சார். உங்க சோதனை அதையும் சொல்லிருச்சா?"

ஞானமுத்து சார் வாயிலிருந்த பழத்தைக் கைக்குட்டையில் துப்பினார். அவர் அப்படிச் செய்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"இல்லம்மா. தட்டுல எழுதினது அவன் இல்ல, அவ்வளவுதான் சொல்லுது. உள்ள ஆள் இல்லன்னு சொல்ற சோதனைய இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. எனக்குள்ள ஒரு ஆள் இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் பேசறீங்களே."

"பேசற பொம்மைகூட கடையில விக்குது."

"விளையாடாதீங்க சார்!"

"விளையாடலம்மா. யார் உள்ளயும் யாரும் போய்ப் பாத்தது கெடையாது. வெளிய தெரியறத வச்சுத்தான் எல்லாரையும் நம்பறோம். இவனையும் அப்படியே பாப்போம். கையப் பிடிக்காம."

இதற்காகத்தான் அந்தப் பாடம் வேண்டும் என்கிறேன். நான் யோசிக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதையும் உறுதியாக நம்ப மாட்டேன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் அடுப்பறை மாதிரிச் சூடான ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார். அடுத்தவனுக்கு மனம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்ற தலைவலி அங்கிருந்து நமக்கு வந்தது. உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசவே பேசாதே, நடத்தையை மட்டும் பார் என்று பின்னால் வந்த அமெரிக்கர்கள் மிரட்டினார்கள். அவர்கள் அளவுக்கு மீறிப் போனார்கள், அது வேறு விஷயம். ஆனால் பார்ப்பது எப்படி என்று அவர்களிடமிருந்துதான் படித்தோம். இதையெல்லாம் படிக்காத ஒருத்தர் அந்த அறையில் இருந்திருந்தால் இரண்டில் ஒரு தப்பைச் செய்திருப்பார். தட்டை நம்பிப் பிலோமினாவை மாட்டிவிட்டிருப்பார். இல்லையென்றால் பையனுக்குள் ஒன்றுமில்லை என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்.

நான் மையத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. அடுத்த நாள் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் முகிலன் எழுந்து ஓடிப்போய் கிரில் கதவின் தாழ்ப்பாளில் மேல்கையால் மோதினான். திறக்கும்வரை மோதினான். ஆயா ஒருத்தி இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. சட்டையை விலக்கிப் பார்த்தேன். பழைய காயம் ஆறிய அதே இடத்தில் புதிதாகக் கன்றியிருந்தது. பிலோமினா அந்த வாசலை மிதித்தே பல வாரம் ஆகியிருந்தது. மறுநாளும் பார்த்தேன், அதன் மறுநாளும். அதே ஹாரன், அதே தாழ்ப்பாள். அறிக்கையில் பார்த்ததை மட்டும் எழுதினேன். சார் ஒரு சொல்லைக்கூடப் பென்சிலால் சுற்றவில்லை. போலீஸ் விசாரணையை முடித்துக்கொண்டது. மையம் பிலோமினாவைத் திரும்பக் கூப்பிட்டது, தாழ்ப்பாளை மாற்றியது.

அதோடு என் வேலை முடிந்தது என்று நான் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவனுக்குள் யாருமே இல்லையா என்று வசந்தா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவளுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து மையத்துக்கு வரச் சொன்னேன். முகிலனுக்கு எதிரே அவளை உட்கார வைத்தேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன், கண்ணும் காட்டிக்கொடுக்கும். மேசையில் இரண்டு தட்டு வைப்போம், அவன் எதை எடுக்கிறான் என்று பார்ப்போம், அவ்வளவுதான் என்றேன். ஒரு தட்டில் அவள் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கல். இன்னொன்றில் வைக்க ஒன்றும் இல்லை. பிலோமினா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பொரித்த கெம்போங் மீன் ஒன்றை எடுத்து வைத்தாள். புகாருக்குப் பிறகு இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

வாசனை வந்ததும் வசந்தா கண்ணை மூடியபடியே பதறினாள்.

"ஐயோ, மீன் எதுக்கு அக்கா? அவன் சைவம். ரொம்ப வருஷமா சைவம். அவனேதான் தட்டுல எழுதிக் கேட்டான்..."

நிறுத்திக்கொண்டாள்.

"சரி, வைங்க" என்றாள்.

முகிலன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். காற்றாடியைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். நாங்களும் எங்கள் முகங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தோம். ஆட்டம் நின்றது. பொங்கல் தட்டைப் புறங்கையால் தள்ளினான். மீனை இரண்டு கையாலும் எடுத்து, தலையோடு கடித்தான்.

"என்ன எடுத்தான்?" என்றாள் வசந்தா. பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னதான் எடுத்தான், சொல்லுங்களேன்!" என்று கண்ணைத் திறந்தாள்.

வாயெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தான் அவள் சாமி பிள்ளை. வசந்தா, "டேய், முள்ளு, முள்ளு" என்று கையை நீட்டினாள். பாதியில் இழுத்து மறுபடியும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். அவன் மென்றான். நாக்கால் துழாவி முள்ளைத் தானே துப்பினான். காலித் தட்டை எடுத்து பிலோமினா பக்கம் தள்ளினான்.

வசந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"பிலோ, இன்னொரு மீன் இருக்கா?"

"அது என் சாப்பாடு லா" என்றாள் பிலோமினா. சொல்லிக்கொண்டே எடுத்து வைத்தாள்.